மதியத் தூக்கத்தில் ஒட்டிய கண்கள்

கில்டரா, லீட்ரிம்
4 அக்டோபர் 2023

டெர்வ்லா,

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே பட்டென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் அதற்குமுன் நாலு வரியாவது கண்ணில் படும். அதனால்தான் தபால்தலை வாங்கினேன்.

நீ கோபித்துக்கொண்டு கார்க் நகரத்துக்குப் போனபின் நம் குழந்தைகள் காப்பகம் இடிந்து விழவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். உன் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். நல்ல குணம். ஆனால் கத்தரிக்கோலைக் கண்டால் பிள்ளைகளைவிட அவள்தான் அதிகம் பயப்படுகிறாள். ஹாலோவீன் இந்த வருடம் விடுமுறை வாரத்தில் விழுவதால் முகமூடி ஊர்வலத்தை 27ஆம் தேதி வெள்ளிக்கிழமையே வைத்துவிட்டேன். காகிதத் தட்டில் பூசணி, கம்பளி நூல் சுற்றிய மம்மி, பாதத்தில் வெள்ளைச் சாயம் பூசிக் கறுப்புத் தாளில் பதிக்கும் பேய் எல்லாம் உண்டு. குதிகால்தான் தலை, மேலே இரண்டு கண் ஒட்டினால் பேய் தயார். வௌவால் மட்டும் இந்த முறை இல்லை. அதைச் செய்யும் கழிவறைக் காகிதச் சுருளின் நடு அட்டையில் கிருமி இருக்கிறதாம். நாம் இத்தனை வருடமாக எத்தனை வௌவால் செய்தோம், ஒரு பிள்ளைக்குத் தும்மலாவது வந்ததா?

சோளக்கொல்லை பொம்மைக்குக் கண்ணை இடம் மாற்றியதற்காக ஒருத்தி வேலையை விட்டுப் போவாளா என்று இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது. குட்டிப் பயல் ஓரான், பொம்மையின் முழங்காலில் கண்ணை ஒட்டியிருந்தான். நான் அதை முகத்துக்குக் கொண்டுவந்தேன். பிள்ளைகள் மதியம் தூங்கும்போது, பசை காய்வதற்குள் அங்கங்கே சரிசெய்து வைப்பது இந்தத் தொழிலில் யார் செய்யாதது? சாயங்காலம் வேலை முடிந்து களைத்து வரும் தாய் கையில் ஒரு உருப்படியான பொருளைக் கொடுத்தால் பாவமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முடி அலங்காரக் கடை கிரான்யா, மகள் ரோஷீனை அழைத்துப்போக வந்தவள் வாசலிலேயே நின்று சிரித்தாள்.

"ஃபில் மிஸ், பிள்ளைங்களைப் பாக்க வர்ற சுகாதார நர்ஸம்மா வீட்டுக்கு வந்தாங்க. ரோஷீன் கையில பலமே இல்லையாம். கைப்பயிற்சி நிபுணர்கிட்ட காட்டணுமாம். இப்பவே பேரு குடுத்தாத்தான் அடுத்த வருஷம் ஸ்கூல் போறதுக்குள்ள முறை வருமாம். நான் விடுவேனா? போனை எடுத்துக் காட்டினேன். சிலந்தி, பூசணி, கிறிஸ்துமஸ் மரம், எல்லாம் வரிசையா. 'இந்தக் கையா பலமில்லாத கை?'னு கேட்டேன். பையை மூடிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. எல்லாம் உங்க புண்ணியம் மிஸ்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். ரோஷீனால் ஒரு தடித்த வண்ணக்குச்சியைக்கூடப் பிடிக்க முடியாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் தாய்க்குத்தான் தெரியாது. தெரியாமல் வைத்தது நான்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடுவேன். நான் கண்டுபிடிக்காத வழியா? உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். ரொம்பச் சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே.

ஃபிலமீனா

●

கார்க்
8 அக்டோபர்

அக்கா,

சந்தோஷப்படவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எதுவும் எழுதாமல் திரிந்தேன்.

நான் கத்தியபோது நீ என்ன சொன்னாய்? "கண்ணு எங்க இருந்தா என்னடி, பொம்மைக்கு வலிக்கவா போகுது?" என்றாய். பொம்மைக்கு வலிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். இப்போது ஒரு குழந்தையின் கை அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே நான் வேலை பார்க்கும் காப்பகத்தில் யாரும் எதையும் தொடுவதில்லை. முந்தாநாள் ஒரு பெண் குழந்தை பேய்க்கு ஏழு கண் ஒட்டினாள், ஏழும் ஒரே மூலையில். "அது ஜன்னல் வழியா எட்டிப் பாக்குது" என்றாள். அவள் அம்மா தாளைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை.

இது கைக்கு வந்ததுமே கிரான்யாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. சொல்ல வாய் வரவில்லையென்றால் 27ஆம் தேதி பிள்ளைகள் செய்ததை அப்படியே சுவரில் மாட்டு. வந்து பார்க்கட்டும். நர்ஸ் சொன்னது சரி என்று அவளுக்கே புரியும். நாளைக் கடத்தாதே. அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். ரோஷீன் பேனா பிடிக்கத் தெரியாமல் பள்ளிக்குப் போய் உட்காரும் நாளில், உன் அழகான பூசணி அவளுக்கு உதவாது.

மழை இங்கேயும் அப்படித்தான். சாப்பாடு பரவாயில்லை.

டெர்வ்லா

●

கில்டரா
12 அக்டோபர்

டெர்வ்லா,

ஊருக்கு உபதேசம் நன்றாகத்தான் செய்கிறாய். ஒரு கேள்வி கேட்கிறேன். கிரான்யா நர்ஸிடம் முதலில் காட்டினாளே ஒரு சிலந்தி, போன ஹாலோவீனில் செய்தது, அது யார் கைவேலை?

அவளிடம் போனை வாங்கிப் பார்த்தேன். கறுப்புத் தாளில் எட்டுக் கால், எட்டும் இடது பக்கமாகவே வளைந்திருக்கின்றன. இந்தக் காப்பகத்தில் இடது கையால் கத்தரி பிடிக்கிறவள் ஒருத்திதான், அவள் இப்போது கார்க்கில் இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறாள். நான் பசை இருக்கும் இடத்தைத்தான் மாற்றினேன். நீ முழுசாக ஒரு சிலந்தியையே பெற்றுப் போட்டிருக்கிறாய்! அம்மா இருந்தால் இரண்டு பேர் காதையும் பிடித்துத் திருகியிருப்பாள்.

சுவர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அன்று ஊரே வந்து நிற்கும். இருபது பூசணிக்கு நடுவே ஒரு வெற்றுத் தாள் தொங்கினால் எல்லோர் கண்ணும் அதில்தான் போகும். கிரான்யா கடையில் தலையைக் கொடுக்காதவர்கள் கில்டராவில் யார்? அவர்கள் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தால், கோபத்தில் பிள்ளையையும் நிறுத்துவாள், நர்ஸையும் திரும்ப வாசலில் ஏற்றமாட்டாள். அப்புறம் நம் மனச்சாட்சி சுத்தமாக இருந்து யாருக்கு லாபம்?

சொல்லிப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. செவ்வாய்க்கிழமை "கிரான்யா, ஒரு நிமிஷம் உள்ள வாம்மா" என்று கூப்பிட்டே விட்டேன். வந்து உட்கார்ந்தாள். "என்ன மிஸ், ஊர்வலத்துக்கு பழ ரொட்டி சுடணுமா? கிடைக்கிறவங்களுக்கு அதிர்ஷ்டம்னு உள்ள நிஜ மோதிரம் வச்சே சுட்டுத் தர்றேன், போன வருஷம் மாதிரி பிளாஸ்டிக் வேணாம்" என்றாள். நான் ரொட்டியைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டேன். எனக்கு வாய் வராத நாள் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஃபிலமீனா

●

கார்க்
16 அக்டோபர்

அக்கா,

சிலந்தி என்னுடையதுதான். பிடித்துவிட்டாய்.

அன்று எல்லாப் பிள்ளைகளும் நூலில் கட்டிய சிலந்தியைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு ஓடினார்கள். ரோஷீன் வெறும் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். எனக்குத் தாங்கவில்லை. அவளை மடியில் உட்கார வைத்து வெட்டிக் கொடுத்தேன். கொடுக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் உன்னிடம் அவ்வளவு கத்தினேனே, அதில் பாதி எனக்கு நானே கத்திக்கொண்டது என்று இங்கே வந்தபின்தான் புரிந்தது. இதை இரண்டாவது தடவை எழுதச் சொல்லாதே.

சுவர் வேண்டாம். நீ சொல்வதுதான் சரி. ஆனால் வாயால் சொல்வதும் இனி எடுபடாது. நர்ஸ் சொல்லியே நம்பாதவள், நாம் சொல்லி நம்புவாளா? "பொறாமையில் சொல்கிறார்கள்" என்றாலும் சொல்லுவாள். அவள் பார்க்க வேண்டும். ஒரு காலை முழுக்க அந்த மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகளின் கையையும் தன் பிள்ளையின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டும். நீ எதுவும் காட்ட வேண்டாம், அவளே பார்ப்பாள். நாளெல்லாம் கையால் பிழைக்கிறவளுக்குக் கையைப் பற்றித் தெரியாதா?

அவளை எப்படி உள்ளே கொண்டுவந்து உட்கார வைப்பது என்பது உன் பாடு. அந்த மாதிரி வேலையில் உன்னை மிஞ்ச ஆளில்லை, இதை மெச்சித்தான் சொல்கிறேன்.

டெர்வ்லா

●

கில்டரா
23 அக்டோபர்

டெர்வ்லா,

முடிந்தது. கிரான்யா வெள்ளிக்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டு வருகிறாள். பிள்ளைகளுக்கு முகத்தில் சாயம் பூச ஆள் வேண்டும் என்றேன். "போன வருஷம் நான் பூசினதுல பூனையெல்லாம் மாடு மாதிரி இருந்துச்சு, உன் கைதான் வேணும்" என்றேன். உச்சி குளிர்ந்துபோனாள். சாயம் பூசும் நாற்காலியைக் கைவேலை மேசைக்குப் பக்கத்திலேயே போடப்போகிறேன். முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அங்கே ஆப்பிள் அச்சு வைப்பார்கள். ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஆரஞ்சு சாயத்தில் தோய்த்து, தாளில் ஒரு அமுக்கு. காய்ந்ததும் கண் ஒட்ட வேண்டும். இதைவிடச் சுலபமானது ஒன்று உலகத்தில் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைகூடச் செய்யும்.

வெள்ளிக்கிழமை நான் ஒன்றையும் தொடப்போவதில்லை. வியாழன் வரைக்கும் நடப்பதைக் கேட்காதே. சுவருக்கு வேண்டியதெல்லாம் வழக்கம்போல் தயாராகிவிட்டது, வழக்கம்போலவே அழகாகவும் இருக்கிறது. முறைக்காதே.

இது பலிக்கும். எனக்குச் சந்தேகமில்லை.

ஃபிலமீனா

●

கார்க்
25 அக்டோபர்

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், தபால்காரர் வந்துவிடுவார்.

கிரான்யாவுக்குப் புரிந்துவிட்டால் பக்கத்தில் போய் நிற்காதே. தோளைத் தட்டாதே. விளக்கம் சொல்லாதே. "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்று தப்பித் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. கேட்டால் மட்டும் பதில் சொல், ஒரே வார்த்தையில். உனக்கு அது வராது என்று தெரியும். ஒரு நாளைக்கு மட்டும் முயற்சி செய்.

டெர்வ்லா

●

கில்டரா
28 அக்டோபர்

டெர்வ்லா,

பலித்தது. பலித்த விதம்தான் நான் நினைத்தது இல்லை.

காலையில் கிரான்யா பெரிய பெட்டியோடு வந்தாள். பத்து நிமிடத்தில் மூன்று பூனை, ஒரு எலும்புக்கூடு. என்ன கை அது! பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கக்கூட நேரமில்லை. பக்கத்து மேசையில் ஓரான் ஆப்பிளை அமுக்கி அமுக்கித் தாளையும் மேசையையும் தன் காதையும் ஆரஞ்சாக்கிக்கொண்டிருந்தான். ரோஷீன் அவனுக்கு எதிரே இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, சமர்த்தாக, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

கிரான்யா ஒரு பூனைக்கு மீசை வரைந்துகொண்டே சொன்னாள், "ரோஷீன், நீயும் செய்டா கண்ணு. சூப்பரா செய்வியே!"

"எனக்கு இப்ப வேணாம்மா. தூங்கினா ஆயிடும்."

"என்ன ஆயிடும்?"

"பூசணி. நான் தூங்கி எந்திரிச்சா ஆயிடும். எப்பவும் அப்படித்தான ஆகும்?" என்றவள், ஓரானைப் பார்த்து நிஜமான அக்கறையோடு கேட்டாள், "நீ ஏன்டா இப்பவே கஷ்டப்படுற? உனக்குத் தூங்கத் தெரியாதா?"

கிரான்யாவின் தூரிகை பூனையின் கன்னத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் பையன் ஊர்வலம் முழுக்க ஒரு பக்க மீசையோடுதான் போனான்.

அவள் எழுந்து மகள் பக்கத்தில் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதி ஆப்பிளை எடுத்து ரோஷீன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். ஆப்பிள் விழுந்தது. திரும்ப வைத்தாள். திரும்ப விழுந்தது. மூன்றாம் தடவை வைக்கவில்லை. பிள்ளையின் கையைத் திருப்பி, ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தப் பூசணி?"

"நான்."

"சிலந்தி?"

"டெர்வ்லா."

"கிறிஸ்துமஸ் மரம்?"

"நான்."

"அன்னையர் தினத்துக்கு ஒரு அட்டை வந்துச்சே. பூவெல்லாம் ஒட்டி."

"அதுவும் நான்தான்."

"அதைக் கடைக் கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கேன்" என்றாள். "வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் காட்டிக்கிட்டு இருக்கேன்."

நீ சொன்னபடி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவள் மேலங்கியை எடுத்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் ஓரானின் அம்மாவும் இன்னொருத்தியும் நின்றார்கள். ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவ்வளவு யோசித்தேன், கடைசியில் அவர்களுக்கும் கேட்டுவிட்டது. கிரான்யா அவர்களைத் தாண்டிப் போகும்போது திரும்பி, "கையை வளர விடாம அலங்காரம் பண்ணியிருக்கீங்க மிஸ்" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

ஊர்வலத்தை நடத்தினேன். பாட்டுப் பாடினேன். சூனியக்காரித் தொப்பி போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினேன். வலித்தது டெர்வ்லா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஆனால் அது என் வலி, அதை நான் பார்த்துக்கொள்வேன். நர்ஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனதுதான் உறுத்துகிறது. கோபத்தில் பிள்ளையை நிறுத்தி, அந்த வரிசையிலும் பேர் கொடுக்காமல் விட்டால் ரோஷீனுக்கு இரண்டும் போச்சு. விடுமுறை முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க எனக்கு வராது.

ஃபிலமீனா

●

கார்க்
30 அக்டோபர்

அக்கா,

உன் கடிதத்தைப் பேருந்திலேயே படித்துவிட்டேன். என்னைச் சேர்த்துத்தான் அவள் திட்டியிருக்கிறாள். நியாயம்தான்.

கிரான்யா வீட்டு முகவரிக்கு இன்றைக்கே ஒரு அட்டை போட்டுவிட்டேன். இரண்டு வரிதான். "சிலந்தி என் வேலை, உங்கள் மகள் தொடவே இல்லை. நர்ஸ் சொன்னது சரி, இன்றே கூப்பிடுங்கள்." மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன், அதைக் குப்பையில் போட்டேன். அவளுக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை.

நீ பயப்படாதே. பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தவள் சும்மா இருக்கமாட்டாள்.

டெர்வ்லா

●

கில்டரா
7 நவம்பர்

டெர்வ்லா,

நல்ல செய்தி முதலில். பேர் கொடுத்துவிட்டாள்.

ஹாலோவீன் சாயங்காலம் பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய்க்கு வந்துகொண்டிருந்தார்கள். என் வாசலில் ரோஷீன் தனியாக வந்து நின்றாள், முள்ளம்பன்றி வேடத்தில். கிரான்யா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். மிட்டாய்ப் பையைப் பிள்ளை கையில் பிடித்திருக்கவில்லை. பையின் வாயில் ஒரு ரிப்பன் தைத்து, அது மணிக்கட்டில் மாட்டியிருந்தது. இவளைப் பார்த்துக்கொண்ட இத்தனை நாளில் எனக்குத் தோன்றாத யோசனை. நான் மிட்டாயை அள்ளிப் போட்டேன்.

கேட்டருகில் இருந்தே கிரான்யா சொன்னாள், "நர்ஸ்கிட்ட பேசிட்டேன். பேரு குடுத்தாச்சு. ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடியே முறை வந்துடும்னாங்க."

"சரிம்மா."

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"கார்க்ல இருக்காளே உங்க தங்கச்சி, அவளையும்தான்."

"சொல்லிடறேன்." சொல்லிவிட்டேன்.

"திங்கள்கிழமை கூட்டிட்டு வருவேன். இந்த ஊர்ல வேற இடம் இல்ல, அதனாலதான். அவ தாளை யாராவது தொட்டீங்க…"

"தொட மாட்டோம்."

நீ திரும்பி வருவதானால் வா. வேலை இருக்கிறது. கெஞ்சமாட்டேன், உன் இடது கைக் கத்தரியை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். புது விதி உனக்குப் பிடிக்கும்: மதியம் பிள்ளைகள் தூங்கும்போது மேசைப் பக்கம் யாரும் போகக் கூடாது. விதி போட்டவளுக்குத்தான் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டமாக இருக்கிறது. நேற்று தூக்க நேரத்தில் கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். அந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நேற்று என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். காலையில் மரம் வரைந்த தாளைக் கொடுத்தேன், அதில் காய்ந்த இலைகளை ஒட்ட வேண்டும். ரோஷீன் வழக்கம்போல் தாளில் ஒன்றும் ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். எழுந்ததும் நேராக மேசைக்குத்தான் வந்தாள். தாளைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"மிஸ், இது ஆகலையே."

"ஆமாடா, ஆகல."

"நான் தூங்கினேனே!"

"நல்லாத் தூங்கின."

தாளைத் திரும்பவும் மேசையில் வைத்தாள். "அப்ப யாரு செய்வா?"

டெர்வ்லா, என் கை தானாக எழுந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். நான் பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் நாற்காலியை வயிற்றால் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பசைக் கிண்ணத்தில் முஷ்டியை முக்கினாள். ஓர் இலையை அந்த முஷ்டியால் தேய்த்துத் தள்ளினாள், தள்ளித் தள்ளி அது மேசை விளிம்பு வரை போய்க் கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது இலை நின்றது. மரத்தில் இல்லை, தாளின் ஓரத்தில், பாதி தாளிலும் பாதி மேசையிலுமாக ஒட்டிக்கொண்டது. அவள் அதன்மேல் நெற்றியை வைத்து அமுக்கினாள்.

சாயங்காலம் கிரான்யா வந்தபோது தாள் மேசையோடு காய்ந்து கிடந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம்தான் இருந்தது.

"இது யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறக்குமுன் ரோஷீன் சொன்னாள், "நான்தான். முழிச்சுக்கிட்டே செஞ்சேன்."

கிரான்யா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் குனிந்து, மேசையில் ஒட்டியிருந்த பாதி இலையை நகத்தால் நெம்பத் தொடங்கினாள். கிழியாமல் எடுக்க வெகுநேரம் ஆயிற்று. நான் உதவிக்குப் போகவில்லை.

உன் அக்கா
ஃபிலமீனா